வைத்தியசாலைகளில் மருந்துப் பிழையும் அதனைக் குறைக்கும் ஒழுங்கும்

வள்ளுவர் பெருமான் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து கொடுப்பவன் என்பன அந்நான்கு. அவருக்கு உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இலக்கணங் கூறுமிடத்து, கொடுப்பவனுக்கு நோயாளியிடத்து அன்பும், மனமொழிமெய்த் தூய்மையும், சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் ஆற்றலும், அறிவும் வேண்டும் என்றார். கல்லூரியிற் பயின்ற காலத்தில் இப்பகுதியைப் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணியவன் யான். பின்னர் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்தாளனாக முப்பத்திரண்டு ஆண்டுகள் கடமையாற்றிய பின்பே அம்மூன்றாவது இலக்கணத்தின் கடுமை எனக்கு விளங்கிற்று. சொல்லியதைச் சொல்லியவாறே செய்வதற்கு, சொல்லப்பட்டது யாதென்று முதலில் தெரிதல் வேண்டுமன்றோ?

1981ஆம் ஆண்டு. கொழும்புக்கு வெளியே ஒரு வைத்தியசாலை. திங்கட்கிழமையாதலின் வெளிநோயாளர் வரிசை மருந்தகத்தின் முன்றிலைக் கடந்து படிக்கட்டுவரை நீண்டிருந்தது. மனநோய்க்குக் கொடுக்கப்படும் குளோர்புறோமசின் என்னும் மருந்து எழுதப்பட்ட சிட்டையொன்று என் கைக்கு வந்தது. பெயரின் முற்பாதி தெளிவாயிருந்தது. பிற்பாதி ஒரு நெளிகோடு. யான் அதனை நீரிழிவுக்குரிய குளோர்புறோப்பமைட்டு என வாசித்து, அக்குளிசைகளை எண்ணி உறையிலிட்டுக் கொடுத்துவிட்டேன். நீரிழிவு இல்லாத ஒருவர் அதனை உட்கொண்டால் குருதியிலுள்ள வெல்லம் தாழ்ந்து மயங்கி வீழ்வார். உயிருக்கும் இடர் நேரலாம். நல்வினைப் பயனாக, நோயாளியின் தமையன் அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, ‘ஐயா, போன மாதம் தந்த குளிசை இந்த நிறமில்லையே’ என்றார். அவர் கூலித்தொழிலாளி, எழுத்தறியாதவர். நான்கு வருடம் படித்துப் பட்டறிந்த என் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

விளக்கம் எழுதித் தருமாறு என்னைக் கேட்டார்கள், எழுதினேன். எச்சரித்தார்கள், தலைகுனிந்து ஏற்றேன். விசாரணை அத்துடன் முடிந்தது. அவ்விரு மருந்துப் போத்தல்களும் அகரவரிசைப்படி அதே தட்டில் ஒன்றையொன்று தொட்டவண்ணம் பழையபடி நின்றன. மூன்று மாதஞ் செல்லுமுன், என்னிலும் கவனமுள்ளவரெனப் பெயர் பெற்ற சக மருந்தாளர் ஒருவர் அதே பிழையை மறுதலையாகச் செய்தார். அவரிடமும் விளக்கங் கேட்கப்பட்டது. அவருடைய போத்தல்களையும் ஒருவரும் நகர்த்தவில்லை.

இக்கட்டுரையிற் கூற விரும்பும் செய்தி அந்தத் தட்டிலேயே இருக்கின்றது. பெயரால் ஒத்த மருந்துகளை அகரவரிசை அருகருகே கொண்டுவந்து வைத்துவிடுகின்றது. மனிதனைக் கண்டித்துத் தட்டைக் கண்டியாது விட்டால், அடுத்து வரும் மனிதனுக்கும் அதே பொறி காத்திருக்கும். மருந்துப் பிழையைக் குறைப்பது, பெரும்பாலும், தட்டை மாற்றும் வேலை. அது நிருவாகத்தின் வேலை.

ஒரு வாட்டிலே நாற்பது நோயாளர் இருக்கின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஆறு மருந்து. நாளொன்றுக்கு மூன்று வேளை. நாற்பதை ஆறாற் பெருக்கி மூன்றாற் பெருக்க 720 ஆகின்றது. அத்தனை முறை ஒரு மருந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகின்றது. ஆயிரத்துக்கு ஒரு பிழை மட்டுமே நேருமாயின், பரீட்சையில் அதனை மிகச் சிறந்த தேர்ச்சி என்போம். வாட்டிலோ அஃது ஒரு மாதத்தில் இருபதுக்கு மேற்பட்ட பிழையாகும். அவற்றுட் பல தீங்கின்றிக் கழியும். எது கழியும், எது கழியாது என்று முன்கூட்டி அறிவார் யார்?

1999ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையொன்று, அந்நாட்டு வைத்தியசாலைகளில் தடுத்திருக்கத்தக்க பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர்வரை இறக்கின்றனர் என மதிப்பிட்டது. மருந்துப் பிழையால் மட்டும் மாள்வோர் ஏறத்தாழ 7,000 பேர் என்றும் அது கூறிற்று. உலக சுகாதார தாபனம் 2017ஆம் ஆண்டில், மருந்தினால் நேரும் கடுமையான, தவிர்க்கத்தக்க தீங்குகளை ஐந்தாண்டுகளிற் பாதியாகக் குறைத்தல் என்னும் இலக்கொன்றை நாடுகளின்முன் வைத்தது. இப்பிழைகளால் உலகிற்கு ஆண்டொன்றில் நேரும் பொருட்செலவு 4,200 கோடி டொலர் என்பது அத்தாபனத்தின் மதிப்பீடு. செல்வமும் பொறிகளும் மலிந்த நாடுகளின் நிலையே இதுவெனின், இதனை வறுமையின் குற்றமென்று தள்ளிவிட முடியாது.

ஜேம்ஸ் றீசன் என்னும் ஆங்கில உளவியலறிஞர் விபத்துகளின் தன்மையை ஆராய்ந்து ஓர் உவமை கூறினார். அவர் சொன்னது ஓட்டைகளுள்ள பாற்கட்டித் துண்டுகளின் அடுக்கு. நம் வீட்டுப் பெண்களுக்கு விளங்குமாறு அரிதட்டு எனலாம். நாலைந்து அரிதட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒன்றிலே தப்பிய கல்லை மற்றொன்று தடுக்கும். துளைகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிடும் வேளையில் மட்டுமே கல் கீழே விழும். எழுதும் வைத்தியர், படிக்கும் மருந்தாளர், கொடுக்கும் தாதி, உட்கொள்ளும் நோயாளி ஆகிய நால்வரும் நான்கு தட்டு. என் கதையில் முதல் மூன்றும் தவறின. நான்காவது தட்டாகிய தமையன் தடுத்தார்.

துளைகள் நேர்ப்பட்ட கதையொன்று இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் 2001ஆம் ஆண்டு தொடக்கத்தில் நிகழ்ந்தது. புற்றுநோயிலிருந்து பெரும்பாலும் மீண்டுவிட்ட 18 வயது இளைஞன் ஒருவனுக்கு, நாளத்தினுள் மட்டுமே செலுத்தத்தக்க வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து முள்ளந்தண்டினுள் ஏற்றப்பட்டது. முள்ளந்தண்டினுள் ஏற்றவேண்டிய மருந்து வேறொன்று. இரண்டும் ஊசிக்குழல்களில் ஒருங்கே கிடைத்தன. இரண்டும் ஒரே ஊசியிற் பொருந்தின. சில வாரங்களில் அவன் இறந்தான். ‘கவனமாயிருங்கள்’ என்னும் அறிவுறுத்தல் அங்கு இல்லாமலில்லை. அது பல ஆண்டுகளாகவே இருந்தது. பின்னர் 2007ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் பரிந்துரைத்த வழியோ மிக எளிது. வின்கிறிஸ்ரினை ஊசிக்குழலில் வைக்காது, சிறு பையொன்றில் ஐதாக்கி வைத்தல் வேண்டும். பையிலுள்ள அத்துணைத் திரவத்தை முள்ளந்தண்டினுள் ஏற்ற எவரும் எண்ணார். கவனத்தை நம்பாது பாத்திரத்தை மாற்றினர்.

இத்தகைய சிந்தனை நமக்குப் புதியதன்று. இலங்கைப் பல்கலைக்கழகத்து மருந்தியற் பேராசிரியராய் விளங்கிய சேனக்க பிபிலே (1920–1977) அவர்களை மலிவு விலை மருந்துக் கொள்கையின் தந்தையாகவே நம்மிற் பலர் அறிவர். வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களுடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கையின் பயனாக 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்து வகைகள் 600 அளவுக்குச் சுருக்கப்பட்டன. வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் எழுதும் வழக்கமும் வலுப்பெற்றது. இதனால் நாட்டின் பணம் மிஞ்சியது என்பர். பணத்தோடு உயிரும் மிஞ்சியது என்பேன் யான். ஒரே மருந்துக்குப் பத்துப் பெயர் இருக்குமிடத்தில், பத்தும் வேறு வேறு மருந்தெனக் கருதி இரண்டை ஒருங்கே கொடுக்கும் பிழை நேரும். பெயர் குறையக் குறையக் குழப்பம் குறையும். பிபிலே அவர்கள் பிழை தடுக்கும் நோக்குடன் அதனைச் செய்தாரோ, அன்றிச் செலவு குறைக்கும் நோக்குடன் செய்தாரோ என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டியதில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டு பொறளையிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை. 2000ஆம் ஆண்டளவில் அதன் பணிப்பாளராய்ப் பொறுப்பேற்ற வைத்தியர் விமல் கரந்தகொட, யப்பானியத் தொழிற்சாலைகளிற் கையாளப்படும் ‘ஐந்து எஸ்’ என்னும் ஒழுங்கை அங்கே புகுத்தினார். வேண்டாதவற்றை நீக்குதல், வேண்டியவற்றுக்கு இடம் வகுத்தல், துப்புரவாக்கல், எல்லா விடுதிகளிலும் ஒரே முறையை நிலைநாட்டல், அம்முறையைப் பழக்கமாக்கல் என்பன அவ்வைந்து. கேட்பதற்கு நம் வீட்டுப் பாட்டிமார் சரஸ்வதி பூசைக்குமுன் புத்தக அலுமாரியைத் துடைக்கும் காரியம் போலத் தோன்றும். ஆயினும் யப்பானிய உதவி நிறுவனம் 2007ஆம் ஆண்டு முதல் ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் சுகாதார அதிகாரிகளை இம்முறையிற் பயிற்றியபோது, கண்கூடாகக் காட்டிய முன்மாதிரி இக்கொழும்பு வைத்தியசாலையே. பெருந்தொகை முதலீட்டால் வந்த பெருமையன்று அது.

மருந்து அலுமாரிக்கு இவ்வொழுங்கு என்ன செய்யும்? அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். ஏனெனில் என் வாழ்நாளிற் பெரும்பகுதி அலுமாரிகளின் முன்னே கழிந்தது. காலங்கடந்த மருந்தும், மாற்றலாகிச் சென்ற வைத்தியர் ஒருவர் மட்டுமே பயன்படுத்திய மருந்தும் அகற்றப்படும். முதலில் முடியும் காலத்தையுடையது முன்வரிசைக்கு வரும். ஒவ்வொரு மருந்துக்கும் வரையப்பட்ட இடம் ஒன்று இருத்தலால், ஒரு போத்தல் இல்லையெனின் வெறுமையே அதனைச் சொல்லும். ஒலியாலும் தோற்றத்தாலும் ஒத்தவை பிரித்து வைக்கப்பட்டு, வேறுபடும் எழுத்துகள் பெரிதாக எழுதப்படும். குளோர்புறோமசினுக்கும் குளோர்புறோப்பமைட்டுக்கும் இடையில் ஒரு தட்டு இருந்திருப்பின், யான் அன்று விளக்கம் எழுத நேர்ந்திராது.

சில மருந்துகளோ வாட்டின் அலுமாரியில் இருத்தலே தகாது. செறிந்த பொற்றாசியங் குளோரைட்டு அவற்றுள் தலையாயது. சிறு குப்பியிலுள்ள நீர்போன்ற அத்திரவத்தை ஐதாக்காது நாளத்திற் செலுத்தினால் இருதயம் நின்றுவிடும். அக்குப்பியும் ஊசி மருந்தைக் கரைக்கும் தூயநீர்க் குப்பியும் தோற்றத்தில் ஒத்திருக்கக் கூடும். நள்ளிரவில் மங்கிய விளக்கின் கீழ், நாற்பது பேருக்கு இரண்டு தாதியர் நிற்கும் வேளையில், ‘நன்றாகப் பார்த்து எடுங்கள்’ என்று சுவரில் எழுதி ஒட்டுவதாற் பயனென்ன? குப்பியை வாட்டிலிருந்தே எடுத்துவிடுவதும், ஐதாக்கிய நிலையில் மருந்தகத்திலிருந்து அனுப்புவதும் உறுதியான காப்பாகும்.

எழுதும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். இன்சுலின் பத்து யூனிற் என்பதற்கு ‘10’ என எழுதி, யூனிற் என்னும் சொல்லின் ஆங்கில முதலெழுத்தை மட்டும் பக்கத்தில் இட்டால், வாய் கூடிய அவ்வெழுத்து சுழியாகத் தோன்றிப் பத்து நூறாகிவிடும். ‘1.0’ என எழுதினால் புள்ளி மறைந்து 10 ஆகும், ‘.5’ என எழுதினால் 5 ஆகும். ஆகவே முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் இடாமையும், பின்னத்துக்கு முன் சுழி இடுதலும், யூனிற் என்பதை முழுச் சொல்லாய் எழுதுதலும் விதியாதல் வேண்டும். நிறைக்கேற்ப அளவு கணிக்கப்படும் குழந்தைகளுக்கு இவ்விதி இரட்டிப்பாய்ப் பொருந்தும். அவர்தம் சிற்றுடல் பத்து மடங்கைத் தாங்காது. இவ்விதிகளுக்கு ஒரு சதமேனும் செலவில்லை. ஆயினும் ஓர் இளவைத்தியர் எழுதிய சிட்டையைத் திருப்பியனுப்ப மருந்தாளருக்கு அதிகாரமும், அனுப்பியதற்காகச் சினவாத மூத்த வைத்தியரும் வேண்டும். பின்னையது கிடைத்தற்கரியது என்பதை அநுபவத்தாற் கூறுகின்றேன்.

மருந்துத் தட்டுப்பாடும் பிழையை விளைவிப்பது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், வழக்கமான மருந்து இல்லாதபோது மாற்று மருந்து, வழக்கமான அளவில் இல்லாதபோது பாதியாக உடைத்த குளிசை என நாளுக்கொரு முறையாக வைத்தியசாலைகள் சமாளித்தன. கேள்விப்பத்திர முறையிற் கொள்வனவு செய்யப்படுவதால், ஒரே மருந்து இவ்வாண்டு வெள்ளைப் பெட்டியிலும் மறு ஆண்டு நீலப் பெட்டியிலும் வருதல் இயல்பு. சென்ற மாதம்வரை இன்னொரு மருந்துக்கு அடையாளமாயிருந்த நீலம் அது. புதிய பெட்டி வந்த அன்றே வாட்டுகளுக்கு மாதிரியைக் காட்டி அறிவித்தல் பத்து நிமிட வேலை. அதனைச் செய்யுமாறு பணிக்கப்பட்டவர் எவருமில்லாமையே பல இடங்களிலுள்ள குறை.

இவையெல்லாவற்றுக்கும் அடிப்படை, பிழை வெளியே தெரிதல். பிழையைச் சொன்னவன் தண்டனை பெறுவானாயின் அடுத்தவன் சொல்லான். சொல்லாத பிழையிலிருந்து எவரும் கற்கார். இரு மருந்தாளர் மூன்று மாதத்தில் ஒரே பிழையைச் செய்த செய்தி, எங்கள் இருவரின் தனிக் கோவைகளிலும் வெவ்வேறாய்க் கிடந்தது. ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பின், கண்ணுள்ள எவரும் தட்டைப் பார்த்திருப்பர். பெயர் குறிப்பிடாமலே பிழையை எழுதத்தக்க பதிவு ஒன்றும், மாதமொருமுறை அதனை வைத்தியர், மருந்தாளர், தாதியர் கூடி வாசிக்கும் சபை ஒன்றும் போதும். வேண்டுமென்றே செய்யும் தீங்கும், குடித்துவிட்டுக் கடமைக்கு வருதலும் வேறு. அவற்றுக்குத் தண்டனை உண்டு. யான் பேசுவது நல்லவர் செய்யும் பிழையைப் பற்றி.

இனி நம்மவர்க்கு மிக அணித்தான விடயத்துக்கு வருகின்றேன். ஒருவருமே பிழை செய்யாதிருக்கவும் பிழை நேரும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையில் என் உறவினர் வீட்டிற் கண்டேன். மாமி முறையான ஒரு மூதாட்டி. மூட்டுவாதத்துக்கு மெதோற்றெக்சேற்று என்னும் குளிசை பெற்று வந்திருந்தார். கிழமைக்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ளவேண்டிய மருந்து அது. நாள்தோறும் உட்கொண்டால் என்பு மச்சையைத் தாக்கி உயிரைக் குடிக்கும். மாமி ஐந்து நாள் தொடர்ந்து உட்கொண்டிருந்தார், வாயெல்லாம் புண். ‘மருந்தை விடாமல் போடச் சொன்னவை, தம்பி, நான் ஒரு நாளும் விடேல்லை’ என்று பெருமையாகவே சொன்னார். உறையை வாங்கிப் பார்த்தேன். மருந்து சரி. அளவு சரி. ‘கிழமைக்கு ஒருமுறை’ என்பது முத்துப்போன்ற கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது, சிங்களத்தில். மாமிக்குச் சிங்களம் சந்தையிற் பேசுமளவு தெரியும். ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அன்றே வைத்தியசாலையிற் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டார்.

வைத்தியரைக் குறைகூற இடமில்லை. மருந்தாளரையும் கூற இடமில்லை. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. வைத்தியசாலை வாயிலில் மும்மொழிப் பலகை நிற்கின்றது. மலசலகூடத்துக்கு வழிகாட்டும் பலகையும் மும்மொழியில் உண்டு. உயிரோடு தொடர்புடைய மருந்துறை மட்டும் எழுதுபவரின் மொழியிலே போகின்றது. யாழ்ப்பாணத்தில் மருந்து பெறும் சிங்களம் மட்டுமறிந்த நோயாளருக்கும் இதே இடர் உண்டு என்பதை மறவாது கூறவேண்டும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான உறை எழுதும் ஒருவரிடம் இரு மொழியிலும் எழுதுக என்று கேட்டல் இரக்கமற்ற செயல். காலை, நண்பகல், இரவு, உணவுக்கு முன், பின், கிழமைக்கு ஒருமுறை என்பவற்றை மும்மொழியில் அச்சிட்டு, உரிய கட்டத்திற் கோடிடுமாறு உறையை அமைத்தல் இயலக்கூடியது. எழுத்தறியார்க்குச் சூரியனும் பிறையும் அச்சிடலாம். அச்சகச் செலவு தவிர வேறு செலவில்லை.

நோயாளியின் மொழியில் மருத்துவம் இருத்தல் வேண்டுமென்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் உணர்ந்திருந்தார். அமெரிக்காவிலிருந்து 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்து, 1864 முதல் அதனைத் தமிழிலேயே போதித்தார். உடற்கூறும் இரண வைத்தியமும் மருந்தியலும் தமிழ் நூல்களாயின. அவருக்கு எதிரே நின்ற தடை சொல்லின்மை. நமக்குச் சொல் உண்டு, உறை இல்லை.

வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு அயலில் முதியோர் பலர் வாழ்கின்றனர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும். இருதயத்துக்கு ஒரு தனியார் வைத்தியர், நீரிழிவுக்குக் களுபோவிலை வைத்தியசாலைச் சிகிச்சை நிலையம், கால் நோவுக்கு இன்னொருவர். பற்றாததற்கு மகள் அனுப்பிய வெளிநாட்டுப் பெட்டி. ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். அண்மையில் ஒரு வீட்டுக்காரர் கடையில் வாங்கிய பனடோலையும், வைத்தியசாலை தந்த பரசிற்றமோலையும் இரு வேறு மருந்தென்று நம்பி நாளுக்கு நான்கு வேளை இரண்டையும் முழு அளவில் உட்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றே. அளவு மிகின் ஈரல் கெடும். வைத்தியசாலையின் ஒழுங்கு அதன் வாயிலோடு முடிவதால் நேரும் இடர் இது.

இதற்கு நம் சங்கத்தால் ஆகக்கூடியது ஒன்றுண்டு. நம் பழைய மாணவருள் வைத்தியரும் மருந்தாளரும் பலர். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் மருந்தகவியற் பட்டம் பெற்ற இளைஞரும் நம்மிடை உளர். அவர்கள் ஒரு ஞாயிறு முற்பகல் கூடினால், சட்டைப்பையில் அடங்கும் மடிப்பட்டை ஒன்றை மூன்று மொழியிலும் ஆக்கிவிடலாம். மருந்தின் பொதுப்பெயர் ஒரு நிரலில். அது எதற்கு என்பது அடுத்ததில். அளவு, வேளை, எழுதிய வைத்தியர், தொடங்கிய திகதி, நிறுத்திய திகதி என்பன மற்றவற்றில். நிறுத்திய திகதிக்கான நிரலை விட்டுவிடுதல் ஆகாது. முதியோர் பலர் நிறுத்தச் சொன்ன மருந்தையே தொடர்ந்து உட்கொள்வதைக் கண்டிருக்கின்றேன். எந்த வைத்தியரிடம் சென்றாலும் அவ்வட்டையை முதலில் நீட்டுதல் வேண்டும்; கடையில் வாங்கும் பனடோலும் பாட்டன் காலத்துச் சூரணமும் அதிலே எழுதப்படுதல் வேண்டும். முகப்பிலே பெயருக்குக் கீழ், உடலுக்கு ஒவ்வாத மருந்துகளை எழுத ஒரு வெற்றிடம் விடுக. அதனைச் சிவப்பு மையில் நிரப்புதல் நன்று.